கோன் ஓட்டத்தில் வண்டி சொன்ன பேச்சு கேட்கவில்லையா? காற்று, டோ, கேம்பர்: அறிகுறி வாரியாகப் பிடிக்கும் வழி

ஆட்டோகிராஸ் என்றதும் நம் பக்கத்தில் பாதிப் பேருக்குப் புழுதி பறக்கும் மண் தடம்தான் நினைவுக்கு வரும். இங்கே எழுதுவது அதைப் பற்றி இல்லை. தார் அல்லது கான்கிரீட் தரையில் ஆரஞ்சு கோன்களை நட்டு, ஒரு நிமிடத்துக்குள் ஓடி முடிக்கிற, கடிகாரத்தோடு மட்டும் போட்டி போடுகிற ஓட்டம் பற்றியது. மண்ணில் கணக்கே வேறு, அதை இதோடு கலக்க வேண்டாம்.

வண்டி என்னுடையது 2012 ஸ்விஃப்ட் பெட்ரோல், 185/65 ஆர்15 டயர். சஸ்பென்ஷன் முன்னால் ஸ்ட்ரட் (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒன்றாகச் சேர்ந்த தூண்), பின்னால் முறுக்கு பீம் (இரண்டு பின் சக்கரங்களையும் இணைக்கும் குறுக்கு உத்தரம்). ஐ20, போலோ என்று நம் சாலையில் ஓடும் முன்சக்கர இழுவை ஹேட்ச்பேக்குகளில் பெரும்பாலானவை இதே அமைப்புதான் என்பதால், கீழே இருப்பது கொஞ்சம் கூடக்குறைய எல்லாவற்றுக்கும் பொருந்தும். பின்சக்கர இழுவை வண்டிக்காரர்கள் இதை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது.

இணையத்தில் கிடைக்கும் எண்களைப் பற்றி ஒரு வார்த்தை. அமெரிக்காவில் எஸ்.சி.சி.ஏ. என்ற கார் கிளப் நடத்தும் ஓட்டங்களின் சாலை வண்டிப் பிரிவில் டயரின் தேய்மான எண் (குறையக் குறைய ரப்பர் மென்மை, ஒட்டுதல் அதிகம்) 200-க்குக் குறையக் கூடாது என்பது விதி, அதனால் அங்கே எல்லோரும் சரியாக 200-இல் நிற்கிற, பசை மாதிரி ஒட்டுகிற டயரைப் போட்டுக்கொண்டு பேசுகிறார்கள். நம் வண்டியில் கம்பெனி போட்டுக் கொடுப்பது மைலேஜுக்கும் ஆயுளுக்கும் செய்த கெட்டி ரப்பர். அவர்கள் சொல்லும் கேம்பரையும் (சக்கரத்தின் பக்கவாட்டுச் சாய்வு) காற்றையும் அப்படியே நம் டயரில் வைத்தால் பலன் பாதிகூட வராது.

அப்புறம், எதைத் தொடுவதற்கு முன்னாலும் ஒரு முன்சோதனை. முன்சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள், பிறகு இடமும் வலமும் பிடித்து ஆட்டுங்கள். மேல் கீழ் ஆட்டத்தில் "டக்" என்று வந்தால் பேரிங் அல்லது பால் ஜாயின்ட், இட வலத்தில் மட்டும் வந்தால் டை ராட் (ஸ்டீயரிங்கிலிருந்து வந்து சக்கரத்தைத் திருப்பும் தண்டு) முனை. தேய்ந்த ஜாயின்டோடு அலைன்மென்ட் செய்வது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிக்கிற வேலை. டயரின் பக்கத்தில் நீள்வட்டத்துக்குள் இருக்கும் நான்கு இலக்கத்தையும் பாருங்கள். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் செய்தது. பட்டன் (தரையைத் தொடும் ரப்பர்க் கட்டிகள்) எவ்வளவு ஆழமாக இருந்தாலும் ஆறேழு வருடம் வெயில் பார்த்த ரப்பர் இறுகிப்போயிருக்கும், அந்த வண்டியில் டோவை (முன் சக்கரங்கள் உள்ளே, வெளியே பார்க்கும் கோணம்) திருகி ஒன்றும் ஆகப்போவதில்லை.

அறிகுறி: முன்பக்கம் தள்ளுகிறது, ஸ்டீயரிங்கைத் திருப்பினாலும் நேராகவே போகிறது

வருகிற புகாரில் பத்துக்கு எட்டு இதுதான். "அலைன்மென்ட் போயிடுச்சு" என்றுதான் எல்லோரும் ஆரம்பிப்பார்கள், நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். முதலில் கேட்க வேண்டியது, வளைவின் எந்த இடத்தில் தள்ளுகிறது என்பது.

நுழையும்போதே தள்ளினால் முதல் சந்தேகம் ஓட்டுநர் மேல்தான். வேகமாக நுழைந்துவிட்டு, திரும்பவில்லையே என்று ஸ்டீயரிங்கை இன்னும் அரைச் சுற்று சுற்றுவோம், முன் டயர் ஏற்கெனவே தாங்க முடியாமல் தேய்த்துக்கொண்டு போகிறது, அதை இன்னும் திருப்பினால் இருக்கிற பிடியும் போகும். இதைச் சோதிக்க எளிய வழி உண்டு. அடுத்த ஓட்டத்தில் அதே கோனில் தள்ள ஆரம்பித்ததும் ஸ்டீயரிங்கைக் கால் சுற்று திரும்ப விடுங்கள். மூக்கு உள்ளே வந்தால் தவறு வண்டியில் இல்லை, ஸ்பேனரைப் பெட்டியில் வையுங்கள்.

அதையும் தாண்டித் தள்ளினால் காற்று. இங்கே சாக்பீஸ் வேலை. முன் டயரின் தோள் பகுதியில், அதாவது பட்டன் முடிந்து பக்கச்சுவர் தொடங்கும் இடத்தில், மூன்று இடத்தில் குறுக்கே பட்டையாகக் கோடு போடுங்கள். நிறைய டயர்களில் அந்த இடத்தில் ஒரு சின்ன முக்கோணக் குறி இருக்கும், கோடு அதைத் தாண்டிக் கீழே இறங்கட்டும். ஒரு ஓட்டம் ஓடிவிட்டு வந்து குனிந்து பாருங்கள். முக்கோணத்தின் நுனி வரைக்கும் சாக்பீஸ் அழிந்திருந்தால் காற்று சரி. நுனியைத் தாண்டிப் பக்கச்சுவர் வரை அழிந்திருந்தால் டயர் மடங்கிப் படுக்கிறது, 2 பி.எஸ்.ஐ. ஏற்றுங்கள். முக்கோணத்துக்கு அரை விரற்கடை மேலேயே அழிவு நின்றுவிட்டால் காற்று அதிகம், இறக்குங்கள். கதவோரம் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் உள்ள அளவு குடும்பத்தோடு கோயிலுக்குப் போவதற்கு, கோன் ஓட்டத்துக்கு அது பெரும்பாலும் போதாது. என் வண்டி முன்னால் 38-இல் வந்து நின்றது. உங்கள் எண் வேறாக இருக்கும், சாக்பீஸ் சொல்வதைக் கேளுங்கள். டயரின் பக்கத்தில் எழுதியிருக்கும் உச்ச அழுத்தத்தை மட்டும் எக்காரணம் கொண்டும் தாண்ட வேண்டாம்.

வளைவின் நடுவில், வேகம் நிலையாக இருக்கும்போது தள்ளினால்தான் கேம்பர் பேச்சு வருகிறது. வண்டி வளைவில் வெளிப்பக்கம் சாயும்போது வெளி டயரும் கூடவே சாய்கிறது. ஸ்ட்ரட் அமைப்பில் இந்தச் சாய்வை ஈடுகட்டும் திறன் குறைவு. ஆக, டயரின் வெளித்தோள் மட்டும் தரையைக் கடித்துக்கொண்டிருக்க, உள் பாதி சும்மா வருகிறது. நிற்கும்போதே டயரின் தலையைக் கொஞ்சம் உள்ளே சாய்த்து வைத்தால், சாய்ந்த பிறகு அகலம் முழுவதும் தரையில் உட்காரும். அந்த உட்சாய்வுதான் நெகட்டிவ் கேம்பர். காற்று சரியாக இருந்தும் வெளித்தோள் மட்டும் ரம்பம் மாதிரித் தேய்ந்து ரப்பர்த் துருவல் தொங்கினால் கேம்பர் போதவில்லை என்று அர்த்தம்.

கம்பெனி அமைப்பில் ஸ்விஃப்டின் முன் கேம்பருக்குத் திருகும் இடமே கிடையாது. இரண்டு வழி. காசில்லாத வழி, ஸ்ட்ரட்டையும் நக்கிளையும் (சக்கரத்தைத் தாங்கும் இரும்பு) சேர்க்கும் இரண்டு போல்டுகளையும் தளர்த்தி, சக்கரத்தின் தலையை உள்ளே அழுத்திப் பிடித்துக்கொண்டே இறுக்குவது. துளையில் இருக்கும் இடைவெளி அளவுக்குக் கால் டிகிரி கிடைத்தால் அதிர்ஷ்டம், ஆனால் அந்தக் கால் டிகிரி சும்மா வந்தது. காசுள்ள வழி, மேல் போல்டுக்குப் பதிலாக நடுவில் முட்டை வடிவம் உள்ள கேம்பர் போல்ட் போடுவது, அதில் ஒன்று முதல் ஒன்றரை டிகிரி வரை வரும். போட்டதும் டயரின் உள் விளிம்புக்கும் ஸ்ட்ரட்டுக்கும் நடுவே சுண்டு விரல் நுழைகிறதா பாருங்கள். போல்டின் தலையில் பெயின்ட் பேனாவால் ஒரு கோடு போட்டு, ஒவ்வொரு நாள் ஓட்டம் முடிந்ததும் கோடு நகர்ந்திருக்கிறதா என்று பாருங்கள், இவை வழுக்கும்.

கேம்பர் அளக்கக் கணினி மெஷின் அவசியமில்லை. கொத்தனாரின் தூக்குக்குண்டு போதும், அது இல்லையென்றால் நூலில் ஒரு பெரிய நட்டைக் கட்டுங்கள். ஸ்டீயரிங் நேராக, தரை சமமாக (ரசமட்டம் வைத்துப் பார்த்துவிட்டு) இருக்கும்போது நூலைச் சக்கரத்தின் வெளிமுகத்துக்கு எதிரே தொங்கவிட்டு, ரிம்மின் மேல் விளிம்புக்கும் நூலுக்கும் எவ்வளவு இடைவெளி, கீழ் விளிம்புக்கும் நூலுக்கும் எவ்வளவு என்று அளந்து கழியுங்கள். 15 அங்குல ரிம்மில் விளிம்புக்கு விளிம்பு கிட்டத்தட்ட 40 செ.மீ., அதில் 7 மி.மீ. வித்தியாசம் என்றால் ஒரு டிகிரி. என் வண்டியில் இடது 3 மி.மீ., வலது 1 மி.மீ. என்று வந்தது. அதற்கு முந்தின வாரம்தான் ஒரு கடையில் பணம் கட்டி, எல்லாம் பச்சையாக அச்சடித்த தாளோடு வெளியே வந்திருந்தேன். கடைக்காரர் பொய் சொல்லவில்லை. கம்பெனி அனுமதிக்கும் வரம்பு அவ்வளவு அகலம், அந்த வரம்புக்குள் எங்கே இருந்தாலும் திரையில் பச்சைதான். இடது வளைவில் மட்டும் ஏன் அதிகம் தள்ளியது என்பதற்குப் பதில் அந்த 2 மி.மீ.யில் இருந்தது. இடப்பக்கம் திரும்பும்போது சுமை வலது டயர் மேல்.

கேம்பரைத் தொட்டால் டோ கட்டாயம் மாறும். கேம்பரை முடித்துவிட்டுத்தான் டோ, தலைகீழாகச் செய்தால் இரண்டு முறை வேலை.

வளைவை விட்டு வெளியேறும்போது, ஆக்சிலரேட்டர் கொடுத்ததும் தள்ளினால், உள்பக்க முன்சக்கரம் சுழல்கிறதா என்று வெளியே ஒருவரை நிறுத்திப் பார்க்கச் சொல்லுங்கள், கீச்சென்ற சத்தமே காட்டிக் கொடுக்கும். சாதாரண டிஃபரன்ஷியல் (இரண்டு சக்கரங்களுக்கும் சக்தியைப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி) என்பதால் லேசான பக்கத்துச் சக்கரத்துக்குத்தான் சக்தி ஓடும். அலைன்மென்டால் இதைத் தீர்க்க முடியாது. ஸ்டீயரிங் நேராகத் தொடங்கும்வரை வலது காலை அடக்குவதுதான் முதல் மருந்து. கேம்பரை மேலும் மேலும் ஏற்றினால் இது இன்னும் மோசமாகும், ஏனென்றால் நேராக இழுக்கும்போது டயரின் உள் விளிம்பு மட்டும் தரையில் இருக்கும்.

எல்லாம் செய்தும் மொத்தமாகத் தள்ளிக்கொண்டே இருந்தால் பின் டயரில் 2 பி.எஸ்.ஐ. ஏற்றிப் பாருங்கள். முன்னால் இருக்கும் நோய்க்குப் பின்னால் ஊசியா என்றால், ஆமாம். பின்பக்கப் பிடி கொஞ்சம் குறைந்தால் வால் சுலபமாகச் சுற்றி வரும், மூக்கு தானாக உள்ளே பார்க்கும். முறுக்கு பீமில் பின் கேம்பரும் டோவும் திருக வழியில்லாததால், பின்னால் நமக்குக் கிடைத்த ஒரே திருகாணி காற்றுதான்.

அறிகுறி: ஸ்டீயரிங் மந்தம், ஸ்லாலமில் வண்டி ஒரு நொடி கழித்தே வருகிறது

வரிசைக் கோன்களில் இடம், வலம், இடம் என்று திருப்பும்போது மூன்றாவது கோனிலேயே பின்தங்கிவிடுவீர்கள். காற்று சரியென்றால் டோவைப் பாருங்கள். டோ என்பது இரண்டு சக்கரங்களையும் மேலிருந்து பார்த்தால் மூக்கு உள்ளே பார்க்கிறதா, வெளியே பார்க்கிறதா என்பது. கொஞ்சம் வெளியே பார்த்தால், திருப்பிய கணமே உள்பக்கச் சக்கரம் வளைவுக்குள் இழுக்க ஆரம்பித்துவிடும்.

நூல் கட்டி அளக்கும் முறையைக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன், இதில்தான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். வண்டியின் இரு பக்கமும், சக்கர மைய உயரத்தில், முன்னிருந்து பின்வரை நூலை இழுத்துக் கட்டுங்கள், நான்கு பழைய பிளாஸ்டிக் ஸ்டூல் போதும். முன் சக்கரங்களின் இடைவெளியும் பின் சக்கரங்களின் இடைவெளியும் ஒன்றாக இருக்காது, அதனால் ஒரு பக்க நூல் முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் சம தூரத்தில் இருக்க வேண்டும் என்று நினைக்காதீர்கள். முன் இடது மையத்திலிருந்து நூலுக்கு உள்ள தூரமும் முன் வலது மையத்திலிருந்து உள்ள தூரமும் சமம், பின்னாலும் இடதும் வலதும் சமம், அவ்வளவுதான். இப்போது ரிம்மின் முன் விளிம்பிலிருந்து நூலுக்கும், பின் விளிம்பிலிருந்து நூலுக்கும் இரும்பு ஸ்கேலால் அளந்தால் வித்தியாசம் டோ. முன் விளிம்பு நூலுக்கு அருகில் இருந்தால் வெளியே பார்க்கிறது. 15 அங்குல ரிம்மில் ஒரு மி.மீ. ஏறக்குறைய 0.14 டிகிரி.

மாற்ற, டை ராட்டின் லாக் நட்டைத் தளர்த்தி ராடைச் சுற்றுங்கள். கால் சுற்றுக்குச் சுமார் ஒரு மி.மீ. நகரும், கட்டாயம் திரும்ப அளந்து பாருங்கள். ஜாக்கியிலிருந்து இறக்கிய உடனே அளக்கக் கூடாது, சக்கரம் உள்ளுக்கு இழுத்த நிலையில் நிற்கும். நாலைந்து அடி முன்னும் பின்னும் உருட்டி, பானெட்டை இரண்டு முறை அழுத்திவிட்டு அளங்கள். ஒரு பக்கத்துக்கு ஒரு மி.மீ. வெளியே என்பது நல்ல தொடக்கம். இரண்டுக்கு மேல் நான் போனதில்லை.

டோவும் சரி, காற்றும் சரி, இன்னும் ஜெல்லி மாதிரி நெளிகிறதா? டயரின் உயரம். 165/80 ஆர்14 போட்டிருந்தால் பக்கச்சுவரே 132 மி.மீ. 185/65 ஆர்15-இல் அது 120. மொத்த விட்டம் இரண்டுக்கும் 2 மி.மீ. வித்தியாசம்தான் என்பதால் மாற்றினாலும் ஸ்பீடோமீட்டர் பொய் சொல்லாது. இன்னொன்று, புத்தம்புது டயர். முழு ஆழப் பட்டன்கள் ஒவ்வொன்றும் தனித்தனியாக ஆடும். பாதி தேய்ந்த டயர்தான் காய்ந்த தாரில் நேரம் தரும், அதனால் புது டயரை முதலில் அலுவலகம் போய்வர ஓட்டித் தேய்த்துவிட்டு அப்புறம் கொண்டுவாருங்கள். மொட்டை டயர் இன்னும் ஒட்டுமே என்று யாராவது சொன்னால், காய்ந்த தரையில் அது உண்மைதான், ஆனால் தேய்மானக் குறியான 1.6 மி.மீ.யைத் தொட்ட டயரோடு அதே வண்டியில் மழையில் வீடு திரும்ப வேண்டும்.

அறிகுறி: வால் வீசுகிறது, கால் எடுத்ததும் சுற்றிவிடுகிறது

முதல் ஓட்டத்தில் மட்டும் நடந்தால் கவலை வேண்டாம். முன்சக்கர இழுவையில் பின் டயருக்கு வேலை குறைவு, அது சூடாகவே நேரம் எடுக்கும். ஒவ்வொரு ஓட்டத்திலும் நடந்தால் பின் காற்றை 2 இறக்குங்கள். பழைய டயரைப் பின்னால் தள்ளிவிட்டுப் புதியதை முன்னால் போட்டிருந்தால் அதையும் நினைவில் வையுங்கள். மற்றபடி வளைவு நடுவே பயந்து ஆக்சிலரேட்டரிலிருந்து சட்டென்று கால் எடுப்பதுதான் காரணம், எடை முன்னால் பாய்ந்து பின் சக்கரம் லேசாகிவிடுகிறது. கோன் ஓட்டத்தில் இது கொஞ்சம் வேண்டியதுதான், பழகிவிட்டால் சந்தோஷம்.

ஒரு பின் சக்கரம் மட்டும் டயரைத் தின்றால், வண்டி எப்போதோ ஓரக்கல்லில் இடித்துப் பீம் வளைந்திருக்கலாம். பின்னாலும் அதே நூலில் அளந்து பாருங்கள், இட வலம் வித்தியாசம் பளிச்சென்று தெரியும்.

அறிகுறி: காலையில் பறந்த வண்டி மதியம் வழுக்குகிறது

சூடு. 10 டிகிரி ஏறினால் அழுத்தம் ஒன்றரை பி.எஸ்.ஐ.க்குக் கொஞ்சம் மேலேயே ஏறும். காலை ஆறு மணிக் குளிரில் 38 வைத்தது மூன்றாவது ஓட்டத்தில் 42 காட்டும், அதன் மேல் ஏப்ரல் வெயிலில் தார். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் முன்னால் அளந்து, சாக்பீஸ் சொன்ன எண்ணுக்கு இறக்குங்கள். பங்சர் கடை பம்பு மீட்டரை நம்பாதீர்கள், ஒரு கடையில் 35 என்றது அடுத்த கடையில் 31 காட்டும். சொந்தமாக ஒரு கேஜ் வாங்கி அதை மட்டும் நம்புங்கள், அது தவறாகக் காட்டினாலும் எப்போதும் ஒரே தவறாகக் காட்டும். செடிக்கு மருந்தடிக்கும் கைப்பம்பு புதிதாக ஒன்று வாங்கி, ஓட்டங்களுக்கு நடுவே டயரில் தண்ணீர் தெளிப்பது நல்ல பழக்கம். தொடக்கக் கோட்டுக்கு வருவதற்குள் காய்ந்திருக்க வேண்டும், ஈரத்தோடு முதல் கோனுக்குப் போய்ப் பட்ட அவமானம் எனக்கு உண்டு.

அறிகுறி: பிரேக் பிடித்தால் ஒரு பக்கம் இழுக்கிறது

இரண்டு முன் டயரிலும் காற்று சமமா? சமம் என்றால் ஓட்டம் முடிந்ததும் இரண்டு ரிம்மின் அருகிலும் கையைக் கொண்டுபோங்கள் (தொட வேண்டாம்), ஒன்று மட்டும் அனலாக இருந்தால் காலிப்பர் (பிரேக் டிஸ்கைப் பிடிக்கும் கவ்வி) மாட்டிக்கொண்டிருக்கிறது. இல்லையென்றால் லோயர் ஆர்ம் புஷ் (சக்கரத்தைப் பிடித்திருக்கும் கீழ்க்கையின் ரப்பர்) தேய்ந்திருக்கும். அலைன்மென்ட் கடைசி சந்தேகம்.

பிரேக்கில் நேராக நின்று, அப்புறம் ஓடும்போது வேகத்துக்கேற்ப "தட தட" என்று வந்தால் சக்கரம் பூட்டி, டயரில் ஒரு இடம் தேய்ந்து தட்டையாகியிருக்கிறது. அதற்கு மருந்து இல்லை, டயர்தான்.

அறிகுறி: ஓட்டம் அருமை, ஆனால் திரும்பும் வழியில் நெடுஞ்சாலையில் வண்டி அலைகிறது

வெளியே பார்க்கும் டோவின் கூலி இது. ஒவ்வொரு குழிக்கும் ஸ்டீயரிங் எங்கேயோ போகும், டயரின் உள் விளிம்பு சீக்கிரமே தேய்ந்து கம்பி தெரிய ஆரம்பிக்கும், குனிந்து பார்க்காதவரை தெரியவே தெரியாது. கேம்பர் மட்டும் ஒரு டிகிரி இருந்தால் டயர் இவ்வளவு சாகாது, டோதான் கொல்கிறது.

என் வழி இது. சாலைக்கு டோ பூஜ்யத்தில் வைத்து, டை ராடில் மேற்புறம் நீளமாக ஒரு வெள்ளைக் கோடு. மைதானத்துக்குப் போனதும் இரு பக்கமும் லாக் நட்டைத் தளர்த்தி, எந்தப் பக்கம் சுற்றினால் வெளியே பார்க்கும் என்று வீட்டிலேயே பார்த்து எழுதிவைத்தபடி, சரியாகக் கால் சுற்று. மாலையில் கோடு மறுபடி மேலே வரும்வரை திரும்பச் சுற்று. இரண்டு பக்கமும் சமமாகச் சுற்றினால் ஸ்டீயரிங் கோணலாகாது. ஒரு பக்கம் மட்டும் சுற்றிவிட்டு வீடு வரை ஸ்டீயரிங்கைச் சற்றுக் கோணலாகப் பிடித்துக்கொண்டு வந்த நாளுக்குப் பிறகு, ஸ்பேனரோடு டாஷ்போர்டில் ஒரு துண்டுச் சீட்டும் ஒட்டி வைத்திருக்கிறேன்: "இடது, வலது, லாக் நட் இரண்டும்".